சங்க அகப்பக்கத்தை உடல்பேறு குறைந்தோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

#1 செயலவை_கேஎல்

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு சமூகநலச் சங்கத்தின் அகப்பக்கம். வேர்ட்பிரஸில் ஓடுகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்திருக்கும். உள்ளே இருப்பவை: கல்வி நிதி விண்ணப்பப் பாரம், நன்கொடைப் பக்கம், நிகழ்ச்சி அறிவிப்புகள் (பாதிக்கு மேல் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், வந்த சுவரொட்டிப் படங்கள்), பழைய ஆண்டறிக்கை பிடிஎஃப்கள், யூடியூப் காணொளிகள்.

செயலவையில் ஒரு யோசனை வந்திருக்கிறது: ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பிளகினை (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டால் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம் வரும், வேலை முடிந்தது என்று. அது போதுமா? போதாது என்றால் எதை முதலில் கையில் எடுப்பது? சட்டப்படி கட்டாயமா?

#2 ஜாலான்_ஈப்போ

போதாது. அந்த வகைக்கு ஓவர்லே என்று பெயர். பக்கம் திறந்த பிறகு அதன் மேல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஏறி உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், படங்களுக்கு ஊகித்து விளக்கம் ஒட்டும். ஆனால் பார்வையற்றவர் தம் கணினியில் திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை, ஏற்கெனவே வைத்திருக்கிறார். பெரிய எழுத்து வேண்டியவர் உலாவியிலேயே பெரிதாக்கிக்கொள்கிறார். அவர்களுக்கு இது புதிதாக எதையும் தருவதில்லை. சில வேளை அவர்களுடைய குறுக்கு விசைகளோடு மோதவும் செய்யும். பாரத்தில் பெயரே இல்லாத ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், தன் கருவி எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஓர் ஓவர்லே நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. செயலவையில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சட்டம்: 2008-ஆம் ஆண்டின் உடல்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது சட்டம் 685. அதன் 30-ஆவது பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் கிடைக்கும் உரிமையைப் பேசுகிறது. 2010-இல் மலேசியா உடல்பேறு குறைந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் உறுதிப்படுத்தியது. ஆனால் ஒரு சங்கத்தின் அகப்பக்கம் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும், மீறினால் இவ்வளவு அபராதம் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே அபராதத்துக்குப் பயந்து செய்கிற வேலையாக இதை நினைக்க வேண்டாம்.

தரம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற அனைத்துலக வலைப்பக்க அணுகல் வழிகாட்டி, அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏஏ. 2023 அக்டோபரில் வெளியானது. ஏ, ஏஏ இரண்டையும் சேர்த்து 55 விதிகள். ஐம்பத்தைந்தையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். உங்கள் தளத்துக்கு ஒருவர் எதற்காக வருகிறார்? நிதிக்கு விண்ணப்பிக்க, நன்கொடை தர, நிகழ்ச்சி எங்கே எப்போது என்று அறிய. இந்த மூன்று வேலைகளும் தொடக்கம் முதல் முடிவு வரை தடங்கலில்லாமல் நடக்கிறதா என்று பாருங்கள். வரலாற்றுப் பக்கமும் தலைவர் உரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

#3 பிரிக்பீல்ட்ஸ்_காது

தமிழ்த் தளம் என்றால் நிறம், எழுத்தளவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: திரையில் தெரிவது உண்மையிலேயே தமிழ் எழுத்தா, அது தமிழ் என்று கணினிக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா? இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

இரண்டாவது பாதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது சில நிமிட வேலை. ஒவ்வொரு பக்கத்தின் எச்டிஎம்எல் தொடக்கக் குறியிலும் லாங் என்ற பண்பு இருக்கும்; பக்கம் எந்த மொழி என்று சொல்வது அது. வேர்ட்பிரஸை ஆங்கிலத்தில் நிறுவி, உள்ளே தமிழை ஒட்டியிருந்தால் அதன் மதிப்பு அமெரிக்க ஆங்கிலம் என்றே நிற்கும். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரல் தமிழைக் கண்டால், குரலைப் பொறுத்து, ஒன்றும் பேசாமல் தாண்டிவிடும் அல்லது எழுத்தெழுத்தாகத் திணறும். அமைப்புகள், பொது, தள மொழி என்று போய்த் தமிழாக்குங்கள். மும்மொழித் தளமென்றால் மொழிக்கு ஒரு பக்கம் வைத்து, மொழிபெயர்ப்புப் பிளகின் ஒவ்வொன்றுக்கும் சரியான மதிப்பைப் போடுகிறதா என்று மூலத்தைத் திறந்து பாருங்கள். தமிழுக்கு டி-ஏ, மலாய்க்கு எம்-எஸ், ஆங்கிலத்துக்கு இ-என். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஒரு முழு மலாய்ப் பத்தி வந்தால் அதை மட்டும் தேர்ந்தெடுத்து, பிளாக் எடிட்டரின் மேற்பட்டையில் கீழ்நோக்கிய அம்புக்குள் உள்ள மொழித் தெரிவால் குறிக்கலாம். ஒற்றைச் சொல்லுக்கும் இடப்பெயருக்கும் இது தேவையில்லை. சொல்லுக்குச் சொல் குரல் மாறினால் கேட்கவே முடியாது.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் இந்தப் பிழையைச் சொல்லாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லாங் பண்பு இருக்கிறதா, மதிப்பு செல்லுமா என்றுதான் பார்க்கும். தமிழுக்கு மேல் ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் அதற்குச் சந்தோஷமே.

கேட்டுப் பார்க்க என்விடிஏ என்ற திரைவாசிப்பான் போதும். இலவசம், விண்டோஸில் ஓடும், கூடவே வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் மலாயும் தெரியும். ஈஸ்பீக் காதைக் குத்தினால் விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சை இறக்கினால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். என்விடிஏவின் பேச்சு அமைப்புகளில் தானாக மொழி மாற்றும் தெரிவு இயல்பாகவே இயங்கும், அணைத்துவிடாதீர்கள். எச் விசை தலைப்புக்குத் தலைப்பு தாவும், எஃப் பாரக் கட்டங்களுக்கு, கே இணைப்புகளுக்கு. கருவிகள் பட்டியலில் பேச்சுக் காட்டி என்று ஒரு சாளரம் உண்டு. பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும். கூட்டத்தில் காட்ட அது வசதி.

கைப்பேசித் திரைவாசிப்பான்களான ஆண்ட்ராய்டின் டாக்பேக்கையும் ஐபோனின் வாய்ஸ்ஓவரையும் விடாதீர்கள். இரண்டுக்கும் தமிழ்க் குரல் உண்டு.

#4 ஜெலுத்தோங்_அச்சு

முதல் பாதி என் பங்கு: அது உண்மையிலேயே தமிழ் எழுத்தா?

பழைய ஆண்டறிக்கையில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு; எழுத்துருவின் படம் மட்டும் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு. திரைவாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். பாமினி, டிஸ்கி, டாப், டாம், பழைய அஞ்சல் எல்லாம் இந்த ரகம். மூல வேர்ட் கோப்பு கையில் இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். எந்தக் குறியேற்றம் என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும். நடுநடுவே உள்ள ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே பிரித்து வையுங்கள், அவையும் தமிழாகிவிடும்.

மூன்றாவதுதான் ஏமாற்றும். தமிழாகத்தான் வரும், ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கும்: 'கொடை' என்பது 'ெகாைட' என்று. பிடிஎஃப் எழுத்தை ஒலி வரிசையில் வைக்காமல் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்துவிட்டது. கண்ணுக்குப் பக்கம் அழகாக இருக்கும், காதுக்கு உளறல். தேடலிலும் எதுவும் அகப்படாது. வடிவமைப்பு மென்பொருளிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப்களில் இது அதிகம். பிடிஎஃப்பைத் திருத்தப் போராடாதீர்கள், மூலத்துக்குப் போங்கள்.

வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது 'அச்சிடு' வழியாகப் போகாமல் 'சேமி' வழியாகப் போங்கள். விருப்பங்களில் அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். அச்சிட்டு எடுத்தால் தலைப்பு, பட்டியல், அட்டவணை என்ற அடையாளமெல்லாம் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று, தட்டச்சுப் பழக்கம். 'ஔ' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதுவோர் உண்டு. 'கௌரவம்' என்பதில் கொம்பு போட்டு 'ள' சேர்ப்போரும் உண்டு. துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவதும் அப்படியே. கண் மன்னித்துவிடும். குரல் எழுதியபடியே வாசிக்கும். கோயில் பெயர்களில் வரும் 'ஸ்ரீ'க்கு யூனிகோடில் இரண்டு விதக் குறியேற்றம் புழக்கத்தில் இருக்கிறது, 'ஸ'வில் தொடங்குவது ஒன்று, 'ஶ'வில் தொடங்குவது ஒன்று. தளம் முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள், இல்லையென்றால் தளத்தின் தேடல் பாதிக் கோயில்களை விட்டுவிடும்.

#5 செயலவை_கேஎல்

நன்றி. சுவரொட்டிப் படங்களுக்கு ஆல்ட் (படத்துக்குப் பதில் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்றுரை) போட்டால் தீருமா? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அறிவிப்பில் மட்டும் இடம், நேரம், தொண்டர் பதிவு, நான்கு தொலைபேசி எண்கள் எல்லாம் படத்துக்குள் இருக்கின்றன.

#6 ஜாலான்_ஈப்போ

ஆல்ட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். படத்தில் உள்ள தகவல் முழுதும் மாற்றுரையில் இருக்க வேண்டும் என்பதுதானே விதி.

#7 பிரிக்பீல்ட்ஸ்_காது

#6, இந்த இடத்தில் நான் மறுக்கிறேன். நான்கு தொலைபேசி எண்களை ஆல்ட்டில் வைத்தால் அவை ஒரே மூச்சில் வரும். வரிவரியாக நிறுத்திக் கேட்க வசதியில்லை, அழைக்கத் தட்ட முடியாது, தலைப்பாகத் தாவ முடியாது. பார்வை மங்கிய ஒருவர் படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து உடைந்துபோகும். அவருக்கு ஆல்ட் கண்ணிலேயே படாது. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர் தமக்கேற்ற எழுத்துருவுக்கு மாற்ற முடியாது.

சுவரொட்டிக்குக் கீழே சாதாரண எழுத்தில் முழு விவரத்தையும் போடுங்கள்: நிகழ்ச்சிப் பெயர் தலைப்பாக, பிறகு நாள், நேரம், இடம், வரும் வழி, தொடர்பு. தொலைபேசி எண்களைத் தட்டி அழைக்கும் இணைப்பாக்குங்கள். பிறகு ஆல்ட்டுக்கு 'தண்ணீர்ப் பந்தல் சுவரொட்டி, விவரம் கீழே' என்பது போதும். கூகளும் அப்போதுதான் உங்களைக் கண்டுபிடிக்கும்.

தேதியை 05/02 என்று எழுதாமல் 5 பிப்ரவரி என்று எழுதுங்கள். 'ரி.ம.' என்பதைக் குரல் எழுத்தாக வாசிக்கும். 'ரிங்கிட்' அல்லது 'வெள்ளி' என்றே எழுதுங்கள்.

வரும் வழியைப் பற்றியும் ஒரு சொல். வரைபடத்தை ஒட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். எந்த எல்ஆர்டி அல்லது மோனோரயில் நிலையம், எந்த வாசல், வழியில் படி உண்டா, சரிவுப் பாதை எந்தப் பக்கம், மின்தூக்கி எத்தனையாவது மாடி வரை, உடல்பேறு குறைந்தோருக்கான கழிப்பறை உண்டா. சக்கர நாற்காலியில் வருபவர் வீட்டை விட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பத்தி அது.

#8 ஜாலான்_ஈப்போ

சரி, ஒப்புக்கொள்கிறேன். சுவரொட்டிக்கு நீங்கள் சொல்வதே முறை. அலங்காரப் படங்களுக்கு ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், பண்பையே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை எண் எண்ணாக வாசிக்கும்.

#9 பாரம்_பழுதுபார்ப்பு

நன்கொடைப் பக்கம், விண்ணப்பப் பாரம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பணமும் படிப்பும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

டுயிட்நவ் (மலேசிய வங்கிகளின் பணம் அனுப்பும் முறை) கியூஆர் படத்தை மட்டும் போட்டு 'ஸ்கேன் செய்க' என்று எழுதுவது எல்லாருக்குமே தொல்லை. கைப்பேசியில் பார்ப்பவர் அதே கைப்பேசியால் எப்படி ஸ்கேன் செய்வார்? வங்கியின் பெயர், கணக்கு எண், கணக்கின் பெயர் மூன்றையும் எழுத்தாகப் போடுங்கள். கியூஆரைத் தனிப் படமாக இறக்கும் இணைப்பும் கொடுங்கள்; படத்தொகுப்பிலிருந்து கியூஆரை எடுக்கும் வசதி வங்கிச் செயலிகள் பலவற்றில் இருக்கிறது.

பாரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையான லேபிள் வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு லேபிள் ஆகாது: தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், மறதி உள்ளவர் என்ன கேட்டார்கள் என்று அழித்துப் பார்க்க வேண்டிவரும்.

அடையாள அட்டை எண்ணுக்கு 6, 2, 4 என்று மூன்று கட்டம் போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஒரே கட்டமாக்குங்கள். கோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஏற்று, உள்ளே 12 இலக்கமாக்கிக்கொள்ளுங்கள். கட்ட வகையை 'எண்' என்று வைக்க வேண்டாம். சுட்டெலியின் சக்கரம் உருண்டால் மதிப்பு மாறும். 2005-இல் பிறந்த பிள்ளையின் எண் 05-இல் தொடங்குகிறது, அதை எங்காவது எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சுழி போய்விடும். உரை வகையாக வைத்து, கைப்பேசியில் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி இன்புட்மோடு என்ற பண்பைக் குறியுங்கள்.

பெயர்க் கட்டம் சாய்கோட்டை மறுக்கக்கூடாது. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று அடையாள அட்டையிலேயே இருக்கிற சமூகத்தின் தளத்தில் 'செல்லாத எழுத்து' என்று பிழை வந்தால் என்ன சொல்வது!

பிழைச் செய்தி: சிவப்புக் கரை மட்டும் போதாது. எந்தக் கட்டம், என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று எழுத்தில், அந்தக் கட்டத்தின் அருகே. 'அனுப்பு' அழுத்தியதும் குவியத்தை (விசைப்பலகை இப்போது நிற்கும் இடம்) முதல் பிழைக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திரைவாசிப்பான் பயனருக்கு எதுவும் நடக்காதது போலவே இருக்கும். சரியாக நிரப்பியவற்றை அழிக்காதீர்கள். நேர வரம்பு வைத்தால் முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும்.

படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டச் சொல்லும் காப்ட்சாவை எடுத்துவிடுங்கள். இந்த அளவு பாரத்துக்கு மறைகட்டம் போதும்: மனிதருக்குத் தெரியாத ஒரு கட்டம், அதை நிரப்புவது இயந்திரம். ஆனால் அதைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்தால் திரைவாசிப்பான் கண்டுபிடித்து வாசிக்கும், அப்பாவி ஒருவர் நிரப்பிவிடுவார். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்-இல் 'டிஸ்பிளே: நன்' (display: none) என்று முழுதாக மறையுங்கள்.

ஓகேயூ அட்டை (உடல்பேறு குறைந்தோருக்கான அரசு அட்டை) எண்ணைத் தேவையில்லாமல் கேட்காதீர்கள். நேர்காணலுக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒரு திறந்த கட்டம் வைத்தால் அதைவிடப் பயனுண்டு.

#10 டேப்_விசை

சுட்டெலியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு டேப், ஷிப்ட்-டேப், என்டர், ஸ்பேஸ், அம்புகள் மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தை அனுப்பிப் பாருங்கள். கை நடுக்கம் உள்ளவர், வாய்க்கோல் பயன்படுத்துபவர், சுவிட்ச் கருவி வைத்திருப்பவர் எல்லாரும் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

வழக்கமாக உடைவது: சுட்டெலி மேலே போனால் மட்டும் திறக்கும் பட்டி, குவியம் எங்கே நிற்கிறது என்று தெரியாதபடி அதைச் சுற்றி வரும் கோட்டை (அவுட்லைன்) நீக்கிய தீம், திறந்த பாப்அப்புக்குப் பின்னால் ஓடிப்போகும் குவியம், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை குவியத்தை மறைப்பது (2.2-இல் புதிதாக வந்த விதி இது). பொத்தானை டிவ் குறியால் செய்திருந்தால் டேப் அதில் நிற்காது. உண்மையான பொத்தான் குறியைப் பயன்படுத்துங்கள். திரைவாசிப்பானுக்கு விளக்கம் சொல்லும் ஏரியா பண்புகளை அள்ளித் தெளிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல், நடுங்கும் விரலுக்கு 44 நல்லது.

#11 வண்ணம்_பார்ப்பவர்

சுருக்கமாக. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. பெரியது என்றால் 24 பிக்சல், தடித்தது என்றால் ஏறக்குறைய 18.7.

நம் சங்கங்களுக்குப் பிடித்த மஞ்சள் மேல் சிவப்பு: சுத்த மஞ்சள், சுத்தச் சிவப்பு என்றால் 3.7:1 தான். தலைப்புக்குத் தேறும், உரைக்குத் தேறாது. சிவப்பை #800000 என்ற அரக்குக்கு இறக்கினால் 10:1 தாண்டிவிடும், மங்கலமும் கெடாது. வெள்ளை மேல் ஆரஞ்சு 2:1 கூட வராது. வெள்ளையில் சாம்பல் வேண்டுமானால் #767676 தான் எல்லை.

தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளி 1.6 முதல் 1.8 வரை கொடுங்கள், 1.2-இல் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டும். உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவை எடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் போல. இல்லாவிட்டால் உலாவி செயற்கையாகத் தடிக்க வைத்து 'ஞ', 'ணை' உள்ளே அடைத்துப்போகும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம்.

1280 பிக்சல் அகல உலாவியில் 400% பெரிதாக்குங்கள். 320 பிக்சல் அகலத் திரைக்குச் சமம். பக்கவாட்டில் உருட்டாமல் வாசிக்க முடிய வேண்டும். 'விண்ணப்பதாரர்களுக்கான' போன்ற நீளச் சொற்கள் பொத்தானை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பொத்தானுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுக்காதீர்கள்.

#12 பட்டர்வொர்த்_வசனவரி

காணொளி. தானாக உருவாகும் வசனவரியை அப்படியே விடாதீர்கள், ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுகிற நம் மேடைப் பேச்சில் அது தடுமாறும். எஸ்ஆர்டி என்ற வசனவரிக் கோப்பை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வரும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

பலரும் யோசிக்காத ஒன்று: நாட்டில் காது கேளாத தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் மலாயிலும் கையசைவிலும்தான். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் 1954 முதல் இருக்கும் காது கேளாதோர் பள்ளியிலிருந்து வெளிவந்தவர் தமிழ் வசனவரியைச் சரளமாக வாசிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ் வசனவரி வயதான பிறகு காது மங்கியவர்களுக்கு உதவும். மற்றவர்களுக்கு மலாய் வசனவரியும் சேருங்கள். முக்கிய அறிவிப்புகளுக்கு மலேசியச் சைகை மொழியான பிஐஎம் பெயர்ப்பாளரைப் போடுங்கள். அவர் முகமும் இரு கைகளும் முழுதாகத் தெரிய வேண்டும். மூலையில் தபால்தலை அளவு போட்டால் பயனில்லை.

#13 பிரிக்பீல்ட்ஸ்_காது

பக்கம் திறந்ததும் தானாக நாதஸ்வரம் ஒலிக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. திரைவாசிப்பானின் குரலை அது முழுக்க மூழ்கடிக்கும், நிறுத்தும் பொத்தானைத் தேடக்கூட முடியாது. 3 விநாடிக்கு மேல் ஒலித்தால் நிறுத்த வழி வேண்டும் என்பது விதி. என் விதி: தானாக ஒலிக்கவே கூடாது. ஓடும் செய்திப் பட்டையும் நகரும் படத்தொடரும் 5 விநாடிக்கு மேல் நகர்ந்தால் நிறுத்தும் பொத்தான் கட்டாயம்.

#14 செயலவை_கேஎல்

வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறோம். விலை மேற்கோள் கேட்கும்போது என்ன எழுதுவது? பழைய பிடிஎஃப்கள் அத்தனையையும் மாற்றவும் பணமில்லை.

#15 ஜெலுத்தோங்_அச்சு

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். நடப்பு விதிமுறை, விண்ணப்ப வழிகாட்டி, கடைசி ஆண்டறிக்கை: இவற்றைப் பிடிஎஃப்பாக இல்லாமல் சாதாரண வலைப்பக்கமாகவே போடுங்கள். மற்றவை காப்பகம் என்ற பக்கத்துக்குப் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் இரண்டு வரிச் சுருக்கமும் கொடுத்து, 'வாசிக்கும் வடிவில் வேண்டுமானால் கேளுங்கள்' என்று எழுதி, கேட்டதை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அச்சுப் பக்கத்தின் ஸ்கேன் என்றால் படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் தமிழை வாசிக்கும் (கையெழுத்துக்கு அதை நம்ப வேண்டாம்), ஆனால் ஓர் ஆள் உட்கார்ந்து பிழை பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

#16 ஜாலான்_ஈப்போ

மேற்கோளில் 'டபிள்யூ.சி.ஏ.ஜி. இணக்கம்' என்று மட்டும் எழுதினால் ஓவர்லேயை ஒட்டிவிட்டுப் பில் அனுப்புவார்கள். இப்படி எழுதுங்கள்: தரம் 2.2 ஏஏ, ஓவர்லே ஏற்கப்படாது, விண்ணப்பம், நன்கொடை, நிகழ்ச்சி விவரம் மூன்றும் விசைப்பலகையால் மட்டும், என்விடிஏ தமிழ்க் குரலில், ஆண்ட்ராய்டு டாக்பேக்கில், 400% பெரிதாக்கலில் முழுதாக நடந்து காட்ட வேண்டும், அப்படி நடந்த பிறகே கடைசித் தவணை. ஆக்ஸ் அல்லது வேவ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியின் அறிக்கையைக் கூடவே கேளுங்கள், ஆனால் அது மட்டும் போதும் என்று ஏற்காதீர்கள்.

தவணைக்கு முன் சோதிக்க, பயன்படுத்துகிறவர்களையே கூப்பிடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பினாங்கில் சோதிப்பதென்றால் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தைக் கேட்கலாம். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், போக்குவரத்துச் செலவையும் சேர்த்து. அந்தத் தொகையை மேற்கோளிலேயே தனி வரியாகப் போட்டுவிட்டால் செயலவையில் பிறகு வாதாட வேண்டியதில்லை.

#17 பாரம்_பழுதுபார்ப்பு

அணுகல் சிக்கல் இருந்தால் யாரைத் தொடர்பு கொள்வது என்று அடிக்குறிப்பில் தொலைபேசி, மின்னஞ்சல், புலனம் மூன்றும் வையுங்கள். பாரமே திறக்காதவரைப் 'புகார்ப் பாரத்தை நிரப்புக' என்று அனுப்பக்கூடாது.